வேலூர்னு மட்டும் தேடாதீங்க, வட ஆற்காடுனும் தேடுங்க

ப்ராஜெக்ட் சீசன் வந்துட்டா எங்க காலேஜ் லைப்ரரி கவுன்டர்ல அதிகமா கேக்கறது, "மேடம், இதுக்கு மெட்டீரியலே இல்ல, டாபிக்கை மாத்திடட்டுமா?"ங்கறதுதான். பாலாறு, ராணிப்பேட்டை டேனரி தண்ணி, ஆம்பூர் ஷூ கம்பெனி பொம்பளைங்கன்னு எல்லாமே நம்ம ஊருக்கு வேணும்கற டாபிக், அதை தூக்கிப் போட்டுட்டு எங்கயோ இருக்கற ஒரு ரெடிமேட் டாபிக்கை எடுக்கறாங்களேன்னு எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது.

மெட்டீரியல் இருக்கு, ஆனா வேற பேர்ல இருக்கு. ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ரெண்டும் தனி மாவட்டம் ஆனது 2019-லதான், அதுக்கு முன்னாடி எழுதினது எல்லாம் வேலூர் மாவட்டம்னு இருக்கும், அதுக்கும் முன்னாடி போனா வட ஆற்காடு அம்பேத்கர், 1989-க்கு முன்னாடின்னா வெறும் வட ஆற்காடு. ஸ்பெல்லிங்கையும் மாத்தி மாத்திப் போடுங்க, ராணிப்பேட், ராணிப்பேட்டை ரெண்டுமே.

நம்பர் எடுக்கறவங்க இதுல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். 1981 சென்சஸ்ல வட ஆற்காடுன்னா திருவண்ணாமலையும் சேர்ந்தது, 1991-ல அது தனியா போயிடுச்சு. ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஜனத்தொகை குறைஞ்சிடுச்சுன்னு எழுதினா வைவால, அதாவது வாய்மொழித் தேர்வுல, மாட்டிப்பீங்க. 1881-ல காக்ஸ்ங்கற வெள்ளைக்காரர் வட ஆற்காடு பத்தித் தொகுத்த மாவட்ட மேனுவலை எடுத்தா அதுல சித்தூரும் திருப்பதியும் கூட வரும், ஏன்னா சித்தூர் தனி மாவட்டம் ஆனது 1911-ல.

அடுத்து சோத்கங்கான்னு ஒரு வெப்சைட். காந்திநகர்ல இருக்கற இன்ஃப்ளிப்நெட்ங்கற யுனிவர்சிட்டி லைப்ரரிகளுக்கான மத்திய அமைப்பு நடத்தறது, இந்தியா முழுக்க பிஎச்டி தீசிஸ் அதுல இருக்கு, லாகின் கூட வேணாம். அங்க போய் முழு தீசிஸையும் படிக்கணும்னு இல்ல, உங்க டாபிக்குக்கு கிட்ட வர்ற ஒண்ணை எடுத்து முன்னாடி வந்த ஆய்வுகளைப் பத்திச் சொல்ற சாப்டரையும் (வழக்கமா ரெண்டாவது) கடைசில இருக்கற ரெஃபரன்ஸ் லிஸ்ட்டையும் பாருங்க, அவங்க வருஷக்கணக்கா அலைஞ்சு தேடினது அங்க வரிசையா இருக்கும். தயவுசெஞ்சு பாராவை அப்படியே காப்பி பண்ணாதீங்கப்பா, காப்பியைக் கண்டுபிடிக்கற சாஃப்ட்வேர்ல மாட்டிடும், அதைவிட அது இன்னொருத்தரோட உழைப்பு.

காசு கேக்கற ஜர்னல் வந்தா உடனே மூடிடாதீங்க. நிறைய காலேஜ்ல என்-லிஸ்ட்னு, காலேஜ்களுக்கு ஆன்லைன் ஜர்னலும் புத்தகமும் குடுக்கற திட்டத்தோட லாகின் இருக்கு, கேட்டா லைப்ரரியன் போட்டுக் குடுப்பாங்க, வீட்லருந்து மொபைல்லயே படிக்கலாம். கவர்ன்மென்ட் யுனிவர்சிட்டி பசங்களுக்கு 2025 ஜனவரிலருந்து ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துல சுமார் 13,000 ஜர்னல் திறந்திருக்கு. இதெல்லாம் அரசாங்கப் பணத்துல உங்களுக்காக வாங்கினது, ஆனா பாதி பசங்களுக்கு இருக்கறதே தெரியல, இதை முதல் வருஷத்துலயே சொல்லாதது எங்களை மாதிரி வேலை பாக்கறவங்களும் கைடுங்களும் சேர்ந்து சரி பண்ண வேண்டியது.

தமிழ்ல பழைய புத்தகம் வேணும்னா தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல தேடுங்க. 1806 வேலூர் கோட்டை புரட்சி மாதிரி டாபிக் எடுத்த ஹிஸ்டரி பசங்க மட்டும் ஆன்லைனோட நிக்காம, கைடு கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு காட்பாடில ட்ரெயின் ஏறி எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு தடவையாவது போயிட்டு வாங்க.