கான்ஃபிகரேஷன் – உள்ளமைவு

உபுண்டு இயங்குதளம் 12.04-இலிருந்து 14.04-க்கு மாறியபோது அப்பாச்சி வலைச் சேவையகமும் 2.2-இலிருந்து 2.4-க்கு ஏறியது. முந்தின நாள் வரை திறந்த தளம் 403, அதாவது 'அனுமதி இல்லை', என்று கதவைச் சாத்திக்கொள்ளும். லாக் கோப்பைத் திறந்தால், 'கிளையண்ட் டினைட் பை சர்வர் கான்ஃபிகரேஷன்' என்று இருக்கும். குற்றவாளியின் பெயர் அந்தக் கடைசிச் சொல்லில்தான்: ஒரு நிரல் எப்படி இயங்க வேண்டும் என்று நாம் எழுதிவைக்கும் ஏற்பாடு.

லத்தீனில் 'கான்' என்றால் உடன், 'ஃபிகூரா' என்றால் உருவம்; பல உறுப்புகள் கூடி ஓர் உருவம் பெறுவது என்று பொருள் விரியும். ஆங்கிலத்தில் இதன் பழைய பொருள்களில் ஒன்று, கோள்கள் ஒன்றுக்கொன்று நிற்கும் நிலை. நம் ஜோசியரும் கட்டத்தைப் பார்த்து 'வீடு வாங்குற அமைப்பு இருக்கு' என்றுதானே சொல்கிறார்!

ஆனால் 'அமைப்பு' ஏற்கெனவே சுமை தாங்கி நிற்கும் சொல். சங்கமும் அமைப்பு, கைபேசியின் செட்டிங்ஸும் 'அமைப்புகள்'. 'கட்டமைப்பு' பாலம், சாலை பக்கம் போய்விட்டது. 'அமைவடிவம்' லத்தீன் பொருளுக்கு நெருக்கம்தான், ஆனால் வினையாக்கினால் நாக்கு தடுக்கும். 'உள்ளமைவு' அப்படியல்ல: உள்ளமைத்தேன், சரியாக உள்ளமைக்கப்படவில்லை என்று எப்படியும் வளையும். வரன் அமைந்தது, வீடு அமைந்தது என்கிறோமே, அந்த 'அமை'தான் இதன் வேர்.

எனக்கு 'உள்' மேல் மட்டும் ஒரு குறை. அப்பாச்சியின் உள்ளமைவு நிரலுக்குள் இல்லை. உபுண்டுவில் 'இடிசி' (/etc) என்ற அடைவில் (ஃபோல்டரில்) தனிக் கோப்புகளாக வெளியே இருக்கிறது. மேம்படுத்தலில் வரும் தொல்லைக்கும் இதுவே காரணம். நிரல் புதிதாகிவிடும், நாம் கைவைத்த கோப்புகளோ பழையபடியே நிற்கும். 2.2-இல் 'ஆர்டர் அல்லவ், டினை', 'அல்லவ் ஃப்ரம் ஆல்' என இரண்டு வரியில் எழுதிய அனுமதி, 2.4-இல் 'ரிக்வயர் ஆல் கிராண்டட்' என ஒரே வரி. பழைய முறையோடு ஒத்துப்போவதற்கென்று 2.4-இல் ஒரு கூறு இருப்பதால் பழைய வரிகளும் பிழையாகாது. ஆனால் புதிய முதன்மைக் கோப்பில் 'ரிக்வயர் ஆல் டினைட்' என்ற மொத்தத் தடை இருக்கிறது. பழைய அனுமதி அதை நீக்காது. 'கான்ஃபிக்டெஸ்ட்' கட்டளையோ 'சின்டாக்ஸ் ஓகே' என்றே சொல்லும். அது சொற்குற்றம் பார்க்குமே தவிர, பொருட்குற்றம் பார்க்காது.

ஒரு தளத்துக்கான உள்ளமைவுக் கோப்பின் பெயர் 'டாட் கான்ஃப்' என முடியாவிட்டால் 14.04-இல் இன்னும் மோசம்: பிழைச்செய்தி எதுவும் வராது, கோப்பு படிக்கப்படவே படாது.

எழுதும்போது ஒன்று கவனிக்க: நிறுவுதல் இன்ஸ்டால், உள்ளமைத்தல் கான்ஃபிகர். 'அப்பாச்சியை நிறுவி, பிறகு உள்ளமைத்தேன்' என்பதே சரி. கோப்பைக் குறிக்க 'உள்ளமைவுக் கோப்பு', ஒற்று உண்டு.