மயில்துத்தமும் மீன்பிடிப் படகும்

கனடாவின் ஸ்காபரோவில் வசிக்கும் வாசகர் ஒருவர், சிம்கோ ஏரியில் மீன் பிடிப்பதற்காக 14 அடி நீளமுள்ள பழைய அலுமினியப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறார். வீட்டுக் கராஜில் வைத்து அதன் தரைப்பலகையைப் பெயர்த்திருக்கிறார். அடித்தகட்டில் அங்கங்கே வெள்ளை மாவு பூத்திருந்ததாம்; சுரண்டினால் குண்டூசி நுழையும் அளவுக்கு ஓட்டைகள். "கடலையே பார்க்காத படகு. அலுமினியம் துருப்பிடிக்காது என்றுதானே பள்ளியில் படித்தோம்?" என்று கேட்டிருக்கிறார். கூடவே அந்தப் பலகையின் படமும் வந்தது. இலேசான பச்சை நிறம். ஓட்டை போட்டது யார் என்பது அந்த நிறத்திலேயே தெரிந்துவிட்டது.

முதலில், பள்ளியில் படித்தது தவறில்லை. அலுமினியம் உண்மையில் ஆத்திரக்காரன். காற்றுப் பட்டவுடன் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அப்படி உண்டாகும் ஆக்சைடு, இரும்புத் துருவைப் போல் உதிராமல், சில நானோமீட்டர் தடிமனில் இறுக்கமான தோலாக ஒட்டிக்கொள்கிறது. கீறினாலும் உடனே புதுத் தோல் வளரும். போர் விமானங்களைச் செய்துவந்த அமெரிக்காவின் கிரம்மன் நிறுவனம் 1945-இல் அலுமினிய ஓடங்களுக்குத் துணிந்து இறங்கியது இந்தத் தோலை நம்பித்தான்.

தோல் கிழிந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. கண்ணாடித் தம்ளரில் மயில்துத்தக் (காப்பர் சல்பேட் என்னும் செம்பு உப்பு) கரைசலை எடுத்துக்கொண்டு, சமையலறை அலுமினியத் தாளில் ஒரு துண்டைப் போடுங்கள். நீலத் தண்ணீரில் அது பளபளவென்று சும்மா கிடக்கும். இப்போது ஒரு சிட்டிகைக் கல்லுப்பு. சற்று நேரத்தில் குமிழ்கள் கிளம்பும், தம்ளர் சூடாகும், நீலம் வெளிறும். தாள் இருந்த இடத்தில் செம்பழுப்புச் சேறு மிஞ்சும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு அலுப்பதில்லை. உப்பிலுள்ள குளோரைடு, தோலின் பலவீனமான புள்ளிகளைத் துளைத்து வழி திறக்கிறது. உள்ளே காத்திருக்கும் அலுமினியம் எலக்ட்ரான்களை வாரி இறைக்க, கரைசலில் இருந்த செம்பு அயனிகள் அவற்றைப் பெற்று உலோகமாகப் படிகின்றன.

படகில் நடந்ததும் இதேதான், மெதுவாக. வட அமெரிக்காவில் மரம் உளுத்துப்போகாமல் இருக்க, செம்பு உப்புகளை அழுத்தம் கொடுத்து உள்ளே ஏற்றுவார்கள். பச்சை நிறம் அதனால் வந்தது. மழையிலும் அலையிலும் பலகை நனைய நனைய, செம்பு சொட்டுச் சொட்டாக இறங்கித் தகட்டில் துகள்களாகப் படிந்திருக்கிறது. உப்பு எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? ஒன்டாரியோவில் பனி உருகுவதற்காகச் சாலையெங்கும் கொட்டுகிறார்களே, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகும்போது தெறிக்காதா?

செம்புத் துகள் படிந்த பிறகுதான் உண்மையான அழகு ஆரம்பிக்கிறது. அந்தத் துகள் கரைவதில்லை. அலுமினியம் தரும் எலக்ட்ரான்களை வாங்கி, தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனிடம் கைமாற்றுகிறது. தான் செலவாகாமல் ஆண்டுக்கணக்கில் தரகு பார்க்கும். பக்கத்தில் ஒரு குழி விழுகிறது. குழிக்குள் வரும் அலுமினிய அயனி, நீரிலிருந்து ஹைட்ராக்சைடைப் பறித்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியைத் தனியே விடுகிறது. அதாவது குழிக்குள் அமிலம் ஊறுகிறது. மின்சமநிலைக்காக மேலும் குளோரைடு உள்ளே இழுக்கப்படுகிறது. அமிலமும் குளோரைடும் சேர்ந்தால் புதுத் தோல் வளர வழியே இல்லை. குழியின் வாயில் வெள்ளை ஹைட்ராக்சைடு மூடிபோல் அடைத்துக்கொள்ள, உள்ளே ஊறும் அமிலம் வெளியே கழுவிப் போவதும் நின்றுவிடுகிறது. குழி பக்கவாட்டில் பரவாமல் ஆழமாக இறங்கும். இத்தகைய படகுகளின் தகடு பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான்.

பாய்மரம் நடும்போது அடியில் அதிர்ஷ்டத்துக்காக ஒரு காசு வைப்பது மேற்கத்தியப் படகுக்காரர்களின் பழைய வழக்கம். மரப்படகில் அதனால் கேடில்லை. 1996 வரை வந்த கனடா ஒரு சென்ட் காசில் 98 விழுக்காடு செம்பு. அதை அலுமினியப் படகின் அடியில் போட்டுவைப்பவருடைய அதிர்ஷ்டம், நனைந்த நாளிலிருந்து தகட்டைத் தின்னத் தொடங்கும்.

இப்படி உலோகம் அரிக்கப்படும் அரிமானத்தையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் எழுந்தது. ராக்கெட் ஏறினால் முதல் பக்கச் செய்தி. பாலத்தின் கம்பி அரிக்காமல் காத்தவருக்கு உள்பக்கத்திலும் இடமில்லை. ஆய்வு நிதியும் பெரும்பாலும் கைதட்டல் கேட்கும் பக்கம்தான் போகிறது என்பது என் மனத்தாங்கல்.

இனி வாசகரின் வேலை. அந்தப் பலகையை அறுக்கவோ எரிக்கவோ வேண்டாம். 2004-க்கு முந்தையது என்றால் ஆர்செனிக்கும் இருக்கக்கூடும். பிந்தையது என்றால் ஆர்செனிக் பெரும்பாலும் இருக்காது, ஆனால் செம்பு கூடுதல். டிரெய்லரில் வைத்தபடியே படகுக்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வெளியே கசியும் இடங்களில் குறியிடுங்கள். தளர்ந்த ரிவெட்டுகளை, ஒருவர் பின்னால் கனமான இரும்பைத் தாங்க இன்னொருவர் அடித்து இறுக்கலாம். குழிகளை அடிவரை சுரண்டி, எப்பாக்சி (கெட்டியாக இறுகும் பிசின்) பூசுங்கள். சாதாரண இரும்புத் தூரிகையால் தேய்க்காதீர்கள். அதன் துகள்கள் செம்பின் வேலையைத் தொடங்கிவிடும். தேய்த்துத் துடைத்த அன்றே அலுமினியத்துக்கான பிரைமரை அடித்துவிடுங்கள். தரைக்கு, செம்பு ஏற்றாத மரைன் பிளைவுட் போதும். எல்லா ஓரங்களையும் எப்பாக்சியால் மூடிவிடுங்கள்.

பாசி ஒட்டாமல் இருக்க வாங்கி வைத்திருப்பதாக அவர் எழுதிய சிவப்பு அடிப்பெயின்டைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். மாலையில் கரையேற்றிவிடும் படகுக்கு அது தேவையும் இல்லை. டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் 'குப்ரஸ் ஆக்சைடு' என்று போட்டிருந்தால், அதுவும் செம்புதான்.