பைத்தான் முதலில் எங்கே தேடுகிறது?

கண்ணெதிரே இருக்கும் ஃபைலைப் பற்றி 'அப்படி ஒரு மாட்யூலே (வேறு புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோட் ஃபைல்) இல்லை' என்று பைத்தான் மொழி சொன்னால் யாருக்கும் எரிச்சல் வரும். புதிதாகக் கற்பவர்கள் தங்கள் மேல்தான் தப்பு என்று நினைத்து இங்கேயே சோர்ந்துபோவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். பைத்தான் மாட்யூலைத் தேடுகிற விதத்தை யாராவது முதல் நாளே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

'கடை' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் 'கணக்கு', 'அறிக்கை' என்று இரண்டு. கணக்குக்குள் வரி.பிஒய், அறிக்கைக்குள் மாதம்.பிஒய். (பைத்தான் 3-இல் இப்படித் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.) மாதம் ஃபைலின் முதல் கட்டளை, 'கணக்கு' ஃபோல்டரிலிருந்து 'வரி' மாட்யூலை இம்போர்ட் செய்கிறது, அதாவது எடுத்துக்கொள்கிறது. டெர்மினலில் கடை ஃபோல்டரில் நின்றபடி 'பைத்தான் அறிக்கை/மாதம்.பிஒய்' என்று ஓட்டினால் மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர், அதாவது 'மாட்யூல் கிடைக்கவில்லை' என்ற பிழை!

ஏற்கெனவே ஏற்றிவைத்த மாட்யூல் இல்லையென்றால், பைத்தான் சிஸ்.பாத் என்ற பட்டியலில் உள்ள இடங்களை வரிசையாகத் துழாவும். பட்டியலில் முதலில் இருப்பது நாம் நிற்கிற ஃபோல்டர் அல்ல, ஓட்டுகிற ஃபைல் இருக்கிற ஃபோல்டர். இங்கே அது 'அறிக்கை'. அதற்குள் கணக்கு ஏது? அடுத்து பைத்தான்பாத் என்ற சிஸ்டம் அமைப்பில் (என்விரான்மென்ட் வேரியபிள்) நாம் கொடுத்த இடங்கள், பைத்தானோடு வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரி, பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பிப் கொண்டுவந்து போடுகிற சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டர். 'கடை' எதிலுமே இல்லை. பைசார்ம் என்ற கோட் எழுதும் மென்பொருளில் ஓடுகிற புரோகிராம் டெர்மினலில் மக்கர் செய்வதும் இதனால்தான்: பைசார்ம் புராஜெக்ட் ஃபோல்டரைத் தானே பைத்தான்பாத்தில் சேர்த்துவிடுகிறது.

சரி, என்ன செய்யலாம்? அதே இடத்தில் நின்று 'பைத்தான் -எம் அறிக்கை.மாதம்' என்று ஓட்டுங்கள். சாய்கோட்டுக்குப் பதில் புள்ளி, கடைசியில் பிஒய் வேண்டாம். '-எம்' போட்டால் பட்டியலின் முதல் இடத்துக்கு நாம் நிற்கிற 'கடை' வந்துவிடும், கணக்கும் கிடைத்துவிடும். புள்ளியில் தொடங்கும் ரிலேட்டிவ் இம்போர்ட் (ஃபைல் இருக்கும் பேக்கேஜை வைத்து இடம் சொல்லும் இம்போர்ட்) அடம்பிடித்தாலும் பெரும்பாலும் இதுவே மருந்து.

ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் சிஸ்.பாத்.அப்பெண்ட் எழுதி அந்தப் பட்டியலில் இடம் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபோல்டரை இடம் மாற்றிய அன்றே எல்லாம் உடையும். நாள்பட ஓட வேண்டிய புராஜெக்ட் என்றால் புராஜெக்டின் அமைப்புகளைச் சொல்லும் பைப்ராஜெக்ட்.டாம்ல் ஃபைலில் பேக்கேஜ்களைக் (நம் மாட்யூல் ஃபோல்டர்கள்) குறித்து, கடை ஃபோல்டரில் நின்று 'பிப் இன்ஸ்டால் -இ .' கொடுத்துவிடுங்கள். கடைசியில் உள்ள புள்ளியை விட்டுவிடாதீர்கள், 'இந்த ஃபோல்டர்' என்று சொல்வது அதுதான். அப்புறம் எங்கே நின்று ஓட்டினாலும் கணக்கு கிடைக்கும்.