சொல் விளக்கம்: கீமோதெரபி - வேதிச்சிகிச்சை

'கீமோ' என்றாலே இன்று புற்றுநோய்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு நிலையத்துக்கு வைத்த பெயர் காசநோய்க் கீமோதெரபி மையம். காசநோயாளியை வீட்டில் இருக்கவிட்டு, மருந்து மட்டும் கொடுத்துக் குணமாக்க முடியுமா என்று அங்கே பார்த்தார்கள். சானடோரியம் என்ற காசநோய் விடுதி மருத்துவமனையில் படுக்கவைத்துப் பார்ப்பதற்கு இது குறைந்ததல்ல என்று 1959இல் அறிவித்தார்கள். இதுவும் கீமோதெரபிதான். வேதிப்பொருளைக் கொண்டு நோயைத் தாக்குவது எதுவானாலும், தொடக்கத்தில் அதற்கு இந்தப் பெயர்தான்.

சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மானியரான பால் எர்லிக். உடம்பை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் தாக்கும் சேர்மத்தை அவர் தேடினார். பிராங்க்பர்ட்டில் அவருடைய குழு ஆர்செனிக் சேர்மங்களை ஒவ்வொன்றாகத் தயாரித்து, எண் போட்டு, விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. 606 என்ற எண்ணுள்ள சேர்மம் மேகநோய் (சிபிலிஸ்) கிருமியை ஒழிப்பதை 1909இல் முயல்களில் கண்டவர் ஜப்பானிய மருத்துவர் சஹாச்சிரோ ஹாட்டா. அடுத்த ஆண்டே அது சல்வர்சான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

ஆனால் சேர்மம் தயாரானதோடு வேலை முடியவில்லை. அந்த மஞ்சள் தூள் காற்றுப்பட்டால் கெட்டுவிடும். அதனால் மூடி உருக்கிய கண்ணாடிக் குப்பியில் வரும். ஊசி போடுவதற்குச் சற்று முன்புதான் உடைத்து, கிருமி நீக்கிய நீரில் கரைத்து, காரம் சேர்த்து அமிலத்தன்மையைப் போக்க வேண்டும். அதில் தவறினால் துன்பம் நோயாளிக்குத்தான்.

இனி சொல்லின் பிற்பாதி. 'தெரப்பேயா' என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பணிவிடை, அருகிருந்து கவனித்தல் என்று பொருள். நம்மிடம் உள்ள 'சிகிச்சை' வடமொழியிலிருந்து வந்தது. அதன் வேரிலும் கூர்ந்து கவனித்தல் என்ற கருத்துதான் இருக்கிறது. முற்பாதியான 'கீமோ' அரபியின் அல்-கீமியா, அதாவது இரசவாதம் வழியாக வந்தது. தமிழில் 'வேதித்தல்' என்றாலும் ஒன்றை வேறொன்றாக மாற்றுதல். தொட்டதைப் பொன்னாக்கும் கல்லைத் திருமந்திரம் 'பரிசனவேதி' என்கிறது. வேதியியல், வேதிப்பொருள், வேதிச்சிகிச்சை எல்லாம் இந்த வேதிதான். மறைநூலைக் குறிக்கும் வேதத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

'வேதிமருத்துவம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். மருத்துவம் என்பது ஒரு துறை முழுவதையும் குறிக்கும் என்பதால், ஒரு சிகிச்சை முறைக்கு 'வேதிச்சிகிச்சை' என்பதே பொருத்தம் என்பேன்.

சரி, புற்றுநோய்க்கு இந்தப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது? 1940களில்தான். அதில் நம் ஊர்த் தொடர்பும் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகடா சுப்பாராவின் தலைமையில், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகம் போலிக் அமிலம் என்ற வைட்டமினைப் போலவே இருக்கும் அமினோப்டெரினைத் தயாரித்தது. போலிக் அமிலத்தில் ஓர் இடத்தில் இருக்கும் ஹைட்ராக்சில் என்ற அணுத்தொகுதியை எடுத்துவிட்டு அமினோ தொகுதியை வைத்தால் அமினோப்டெரின். அந்தச் சிறு மாற்றத்திலேயே, செல்லுக்கு ஊட்டமாக இருந்தது தடையாகிவிடுகிறது. இரத்தப் புற்றுநோயுள்ள குழந்தைகளுக்கு அதைக் கொடுத்து, சிலருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியதை 1948இல் பாஸ்டன் மருத்துவர் சிட்னி பார்பர் வெளியிட்டார்.

அமினோப்டெரினின் உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் வார்டுகளில் இருக்கிறது. அதிக அளவில் ஏற்றும்போது டிரிப்பில் மஞ்சளாக இறங்கும். சிறுநீர் காரத்தன்மையோடு இருக்கிறதா என்று நர்ஸ் திரும்பத் திரும்பச் சோதிப்பார். அமிலமானால் மருந்து சிறுநீரகத்தில் படிகமாகிவிடும். அப்புறம் ஒரு நாள் கழித்து, போலிக் அமிலத்தின் இன்னொரு வடிவமான போலினிக் அமிலம் கொடுக்கத் தொடங்குவார்கள், நல்ல செல்களைக் காப்பாற்ற. இரத்தத்தில் மருந்தின் அளவு போதிய அளவு இறங்கும்வரை அதை நிறுத்த மாட்டார்கள். இதே மெத்தோட்ரெக்சேட்டை முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு முறை சிறிய அளவில் எழுதிக் கொடுப்பதும் உண்டு. சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்ததும் புற்றுநோய் என்று பயப்பட வேண்டியதில்லை.