பார்க்கெட் தரையும் காற்றின் ஈரமும்

அறுத்து, உலர்த்தி, இழைத்து, மெருகேற்றிய பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதையும் வெளிவிடுவதையும் நிறுத்துவதில்லை. பார்க்கெட் தரைக்கான, அதாவது மரத்துண்டுகளைப் பதித்து அமைக்கும் தரைக்கான, மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் பதிப்பதிலும் உள்ள விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பண்பிலிருந்தே பிறக்கின்றன.

மரச் செல்களின் சுவர்கள் செல்லுலோஸ் இழைகளால் ஆனவை. அந்த இழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கில் படுத்திருப்பதால், அவற்றுக்கிடையே புகும் நீர் மூலக்கூறுகள் அவற்றைப் பக்கவாட்டில் விலக்குகின்றன. நீளத்தில் ஏறத்தாழ எந்த மாற்றமும் நிகழ்வதில்லை. பக்கவாட்டிலும் மாற்றம் எங்கும் ஒரே அளவு அல்ல: ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் விரிவு, மையத்திலிருந்து வெளிப்புறம் செல்லும் ஆரத்தின் திசையில் ஏற்படுவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே ஒரே மரத்திலிருந்து அறுத்த இரு பலகைகளில், வளையங்கள் முகப்புக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்தது குறைவாகவே அசையும். அவ்வாறு அறுக்கும்போது மரம் அதிகம் வீணாவதால் அதன் விலையும் கூடுகிறது.

காற்றின் ஒப்பு ஈரப்பதம் 30 சதவீதமாக இருக்கும் அறையில் மரம் தன் உலர் எடையில் சுமார் 6 சதவீத நீரோடு சமநிலை அடைகிறது. அதுவே 65 சதவீதமானால் சுமார் 12 சதவீதம். 10 செ.மீ. அகலமுள்ள சாதாரண ஓக் பலகையில் ஈரம் 8 சதவீதத்திலிருந்து 12 சதவீதத்துக்கு உயர்ந்தால் அகலம் ஏறத்தாழ 1.5 மி.மீ. கூடும். அற்பமாகத் தோன்றும் இந்த அளவை, 5 மீட்டர் அகல அறையில் அடுக்கிய ஐம்பது பலகைகளால் பெருக்கினால் 7 செ.மீ.க்கு மேல் வருகிறது. ஆணியும் பசையும் இதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும் என்றாலும், தடுக்கப்பட்ட விசை மறைந்துபோவதில்லை. வழி கிடைக்காதபோது அது பலகைகளை மேலே தூக்குகிறது.

சிறு துண்டுகளைக் கோத்துத் தரை அமைக்கும் முறையின் பயன் இங்கேதான் புலப்படுகிறது. மீன்முள் வடிவத்தில் அடுத்தடுத்த துண்டுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைவதால், விரிவு ஒரே திசையில் திரளாமல் இரு திசைகளிலும் பகிரப்படுகிறது. அழகுக்காக மட்டுமே இவ்வடிவத்தைத் தேர்ந்தெடுப்பவர்களும் அறியாமலேயே இந்த நன்மையைப் பெறுகிறார்கள். முழுமரத்துக்கு மாற்றாக விற்கப்படும் அடுக்குப் பார்க்கெட், இதே உத்தியைத் துண்டின் தடிமனுக்குள்ளேயே கையாள்கிறது: மேலே நல்ல மரம், அதன் கீழே நார்கள் குறுக்காக ஓடும் அடுக்குகள், ஓர் அடுக்கின் பக்க விரிவை அடுத்ததன் அசையாத நீளம் பிடித்துக்கொள்கிறது. தரைக்குள் வெப்பக் குழாய்கள் ஓடும் வீட்டுக்கும், அகலமான பலகைகளை விரும்புபவர்களுக்கும் இதையே பரிந்துரைப்பேன். வாங்கும்போது மொத்தத் தடிமனைவிட மேலடுக்கின் தடிமனைக் கேட்டறிவது முக்கியம். ஐரோப்பியத் தரவரையறைப்படி அது 2.5 மி.மீ.க்குக் குறைந்தால் பார்க்கெட் என்ற பெயருக்கே தகுதியில்லை. பழைய மெருகை நீக்கும் ஒவ்வொரு தேய்ப்பிலும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கரைந்துபோகும்.

மரங்களை ஒப்பிட ஜாங்கா கடினத்தன்மை எண்ணைக் காட்டுவது வழக்கம். 11.28 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டைப் பாதியளவு மரத்தில் அமிழ்த்தத் தேவைப்படும் விசையே அது. (வினோதமாகத் தோன்றும் அந்த விட்டம், பதியும் வட்டத்தின் பரப்பு சரியாக 1 சதுர செ.மீ. ஆகும்படி தேர்ந்தெடுக்கப்பட்டது.) நாற்காலிக் கால்களின் தடம் பதியுமா என்பதை இந்த எண் ஓரளவு சொல்லும், மரம் எவ்வளவு அசையும் என்பதைச் சொல்லாது. தேக்கு, வெள்ளை ஓக்கைவிடச் சற்று மென்மையானது. எனினும் ஈர மாற்றத்தால் அது அசைவது ஓக்கின் அசைவில் பாதியளவே. பீச் மரமோ கடினமானது, ஆனால் மிகவும் அசையக்கூடியது.

பதிக்கும் வேலையில் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் அடித்தளத்தின் ஈரம். மேற்பரப்பு உலர்ந்து வெளுத்த பின்னும் சிமெண்ட் தளத்தின் உள்ளே நீர் தங்கியிருக்கும். ஆகவே கைக்குத் தட்டுப்படும் உலர்வை நம்பாமல், உள்ளிருந்து எடுத்த மாதிரியைக் கார்பைடு முறையில் (கால்சியம் கார்பைடுடன் கலந்து, எழும் வாயுவின் அழுத்தத்தைக் கொண்டு ஈரத்தை அளப்பது) சோதித்து, ஈரம் 2 சதவீதத்துக்கு மேல் இல்லை என உறுதிசெய்ய வேண்டும். ஜிப்சம் கலந்த தளத்துக்கு வரம்பு இன்னும் கடுமையானது: 0.5 சதவீதம். பலகைகளைச் சில நாட்கள் அந்த அறையிலேயே வைத்துப் பழக்க வேண்டும் என்ற அறிவுரை சரியானதே. ஆனால் புதிதாகப் பூசிய சுவர்கள் காயாத அறையில் அவ்வாறு வைத்தால், மரம் நீரை உறிஞ்சி வீங்கிய நிலையில் பதிக்கப்பட்டு, பின்னர் சுருங்கி இடுக்குகளைக் காட்டும்.

சுவரோரத்தில் 10 முதல் 15 மி.மீ. வரை இடைவெளி விட வேண்டும். தூண், நிலைக்கால், குழாய் ஆகியவற்றைச் சுற்றியும் இது பொருந்தும். இடைவெளியை மறைக்கும் ஸ்கர்ட்டிங் பட்டையைச் சுவரில் பொருத்த வேண்டுமே தவிர, தரையோடு சேர்த்து ஆணியடிக்கக் கூடாது.

பிற்காலத்தில் பலகைகளின் ஓரங்கள் உயர்ந்து நடு குழிந்தால், அடிப்பகுதி மேற்பகுதியைவிட ஈரமாக இருக்கிறது என்று பொருள். அந்நிலையில் உடனே தேய்த்துச் சமன்செய்வது பெரும் பிழை: உயர்ந்த ஓரங்கள் தேய்ந்துவிட, பின்னர் அடிப்பகுதி காய்ந்து பலகை தன் வடிவுக்குத் திரும்பும்போது ஓரங்கள் தாழ்ந்து நடு மேடாகிவிடும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டு நிறுத்திய பின், மரம் தானாக உலரும் வரை பொறுத்திருக்க வேண்டும். அதற்குச் சில மாதங்கள் ஆகலாம்.