பிள்ளைகள் நடந்தும் சைக்கிளிலும் பள்ளிக்குப் போக அமெரிக்க அரசு நிதி: யார் கேட்கலாம், எதற்குக் கிடைக்கும்?

பள்ளிக்கூடத்தைச் சுற்றி நடைபாதை போடவும், சாலையைக் கடக்கும் இடத்தைச் சரிசெய்யவும், பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாக சைக்கிள் ஓட்டக் கற்றுத்தரவும் அமெரிக்காவில் மத்திய அரசின் பணம் உண்டு. திட்டத்தின் பெயர் 'சேஃப் ரூட்ஸ் டு ஸ்கூல்' (பள்ளிக்குப் பாதுகாப்பான வழிகள்). 2005ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் ஐந்து நிதியாண்டுகளுக்கு 61.2 கோடி டாலரை இதற்கென்றே ஒதுக்கியது. அப்போது முழுச் செலவும் மத்திய அரசுடையதாக இருந்தது. உள்ளூரில் ஒரு டாலர்கூடப் போட வேண்டியிருக்கவில்லை.

அந்தத் தனிக் கணக்கு இப்போது இல்லை. 2012ஆம் ஆண்டுச் சட்டம் அதை 'டிரான்ஸ்போர்டேஷன் ஆல்டர்நேட்டிவ்ஸ்' என்ற பொது நிதிக்குள் சேர்த்துவிட்டது. அதனால் மாநிலப் போக்குவரத்துத் துறையிடம் போய் "சேஃப் ரூட்ஸ் பணம் இருக்கிறதா?" என்று கேட்டால், இல்லை என்ற பதிலோடு திரும்ப நேரிடலாம். "ஆல்டர்நேட்டிவ்ஸ் நிதிக்கு அடுத்த விண்ணப்ப அறிவிப்பு எப்போது?" என்று கேளுங்கள். இதே நிதிக்குப் பொழுதுபோக்கு சைக்கிள் பாதைகளும் போட்டி போடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

2021ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டம், 2022 முதல் 2026 வரையான நிதியாண்டுகளுக்கு இந்த நிதியைக் கணிசமாக உயர்த்தியது. அதுவரை 8ஆம் வகுப்போடு நின்ற திட்டம் 12ஆம் வகுப்பு வரை நீண்டது. நகராட்சி, கவுண்டி (நம் மாவட்டம் போன்றது), பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் பள்ளிகளை நடத்தும் அமைப்பு), தனித்தனிப் பள்ளி, பழங்குடி அரசு ஆகியவற்றோடு லாப நோக்கற்ற அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம். ஆனால் சாலை யாருடையதோ அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் வேலை நடக்காது. பெற்றோர் சங்கம் முதலில் பார்க்க வேண்டிய ஆள் நகராட்சிப் பொறியாளர்தான்.

பள்ளியிலிருந்து சுமார் 2 மைலுக்குள் நடைபாதை, ஜீப்ரா கிராசிங், சிக்னல், வேகத்தைக் குறைக்கும் அமைப்புகள், சைக்கிள் நிறுத்துமிடம் ஆகியவற்றுக்குப் பணம் கிடைக்கும். சைக்கிள் பயிற்சி, பெரியவர் துணையோடு கூட்டமாக நடத்திச் செல்லும் 'வாக்கிங் ஸ்கூல் பஸ்' போன்றவையும் சேரும். பிள்ளைகளை இறக்கிவிட வரும் கார்களின் வசதிக்காக வளாகத்தை மாற்றியமைப்பதற்குக் கிடைக்காது. பஸ் நிறுத்த மேம்பாட்டுக்கும் கிடைக்காது. பெற்றோர் ஆவலாகக் கேட்பது பெரும்பாலும் இவற்றைத்தான். விண்ணப்பம் முதல் சுற்றிலேயே விழுவதும் இதனால்தான்.

இப்போது பொதுவாகச் செலவில் 20 சதவீதம் உள்ளூர்ப் பங்கு. 5 லட்சம் டாலர் வேலை என்றால் 1 லட்சம் நீங்கள் காட்ட வேண்டும். மத்திய அரசின் சாலைப் பாதுகாப்பு நிதியை இந்தப் பங்காகக் கணக்குக் காட்ட 2021 சட்டம் வழி விட்டிருக்கிறது. உங்கள் மாநிலம் அதைப் பயன்படுத்துகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ஏழை ஊர்களுக்கு இது பெரிய வாசல்.

பணம் முன்கூட்டி வராது. நகராட்சி தன் கையிலிருந்து செலவழித்து, ரசீது காட்டி, பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். வேலையைத் தொடங்கலாம் என்ற அங்கீகாரக் கடிதம் வருவதற்கு முன் செய்த வேலைக்குச் சல்லிக்காசு திரும்பாது. விண்ணப்பம் தேர்வாகிவிட்டதே என்று ஒப்பந்ததாரரை அழைத்துவிடும் ஊர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மதிப்பீடு பிசகுவதற்கும் தெரிந்த காரணங்கள் உண்டு: நடைபாதைக்குத் தேவையான துண்டு நிலம் தனியார் வீட்டு முற்றத்துக்குள் இருக்கும், மின்கம்பம் குறுக்கே நிற்கும், சாலையோர மழைநீர்ப் பள்ளத்தை மூடிக் குழாய் பதிக்க வேண்டியிருக்கும். சக்கர நாற்காலிக்கான சரிவு 12 அடிக்கு 1 அடிக்கு மேல் ஏறக் கூடாது. இதை வரைபடத்தில் கவனிக்காமல் விட்டுவிட்டால் போட்ட கான்கிரீட்டை உடைக்க வேண்டி வரும்.

விண்ணப்பத்துக்கு வலு சேர்ப்பது ஆதாரம். வகுப்பாசிரியர் செவ்வாய், புதன், வியாழன் நாட்களில் "இன்று எப்படி வந்தீர்கள், எப்படித் திரும்புவீர்கள்?" என்று கேட்டு, கை தூக்கச் சொல்லி எண்ணிக் குறித்தால் போதும். திங்கள், வெள்ளி வேண்டாம். அந்த நாட்களில் வழக்கம் மாறும். பிறகு பள்ளி விடும் நேரத்தில் பொறியாளரையும் தலைமையாசிரியரையும் கூட்டிக்கொண்டு அதே வழியில் நடந்து பாருங்கள். படம் எடுங்கள்.

அப்போது ஸ்டாப்வாட்ச் ஒன்று கையில் இருக்கட்டும். சிக்னலில் கடக்கும் நேரத்தை நொடிக்கு 3.5 அடி நடை என்று வைத்துத்தான் வழக்கமாகக் கணக்கிடுகிறார்கள். 48 அடி அகலச் சாலைக்கு அது ஏறக்குறைய 14 நொடி. புத்தகப் பையோடு நொடிக்கு 3 அடி நடக்கும் முதல் வகுப்புப் பிள்ளைக்கு 16 நொடி வேண்டும். மெதுவாக நடப்பவர்கள் வழக்கமாகக் கடக்கும் இடத்தில் நேரத்தைக் கூட்டலாம் என்று சாலை விதிமுறையிலேயே இருக்கிறது.

இப்படிச் சிக்னல் நேரத்தை மாற்றுவதற்கும், அழிந்த வெள்ளைக் கோட்டை மறுபடி போடுவதற்கும் மத்திய நிதியைத் தேடிப் போகாதீர்கள். சுற்றுச்சூழல் அனுமதி, கூலி விதி, உள்நாட்டுப் பொருள் விதி எல்லாம் சேர்ந்து சின்ன வேலையை ஆண்டுக்கணக்கில் இழுத்துவிடும். சாலை நகராட்சியுடையது என்றால் பொறியாளருக்கு எழுத்தில் கோரிக்கை கொடுங்கள். பராமரிப்பு நிதியிலேயே செய்துவிடலாம்.