கண் வறட்சி: இமை அறுவைக்குப் பின் வரும் ஒரு சொல்

அத்தைக்கு ஊர் திருமங்கலம் பக்கம். மேல் இமைகள் இரண்டும் தொங்கிப்போய் பாதிக் கண்ணை மறைத்ததால், மதுரையில் ஒரு மருத்துவமனையில் இமை அறுவை செய்துகொண்டார். பத்தாம் நாள் பரிசோதனைக்கு நான்தான் கூட்டிப்போனேன். மருத்துவர் பார்த்துவிட்டு, "டிரை ஐ இருக்கும்மா, சொட்டு மருந்து விடணும்" என்றார். கையில் கொடுத்த தாளில் 'உலர் விழி' என்று அச்சிட்டிருந்தது. வெளியே வந்ததும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏப்பா, கண்ணுல தண்ணியா ஊத்துது. காஞ்சு போச்சுங்கிறாங்களே, வேற ஆளோட சீட்டைக் குடுத்துட்டாங்களோ?" சேலைத் தலைப்பால் ஒற்றி ஒற்றிக் கன்னமே சிவந்திருந்தது.

நம்பிக்கை வராததால் இரண்டு நாள் மருந்தே விடவில்லை. ஒரு சொல் சரியாக விளங்காமல் போனதால் ஒருவர் இரண்டு நாள் கூடுதலாக வலி தாங்க வேண்டியதாயிற்று. அதனால்தான் இந்தச் சொல்லை எடுத்துப் பேசுகிறேன்.

கண்ணின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. அது வெறும் தண்ணீர் இல்லை. விழியோடு ஒட்டிக்கொள்ள வழுவழுப்பான ஒரு பொருள், நடுவில் நீர், அது ஆவியாகாமல் காக்க மேலே எண்ணெய். அந்த எண்ணெய் சுரப்பது இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் சுரப்பிகளில். மூன்றையும் விழி முழுக்கப் பரப்பிவிடுவது இமைதான். நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முறை இமை இறங்கி ஏறி, வாசல் மெழுகுவதுபோல் மெழுகிவிடுகிறது. படலம் கெட்டால் விழிப்பரப்பு காய்கிறது, உறுத்துகிறது. உறுத்தல் தாங்காமல் கண்ணீர்ச் சுரப்பி மொத்தமாக நீரைக் கொட்டுகிறது. அந்த நீர் படலமாக நிற்காது, கன்னத்தில் வழிந்து போய்விடும். அத்தைக்கு ஊற்றியது அந்தத் தண்ணீர்தான்.

சரி, இமையில் கத்தி வைத்தால் கண் ஏன் காய வேண்டும்? தொங்கும் தோலை எடுக்கும்போது சிலருக்கு அதன் கீழே கண்ணை மூடும் தசையிலும் ஒரு கீற்றை எடுப்பார்கள். வீக்கமும் சேர்ந்துகொண்டால் இமைப்பு அரைகுறையாகிவிடும். தோல் அளவுக்கு மீறிப் போய்விட்டாலோ இமை முழுதாக மூடாது. அதற்காகத்தான் புருவத்துக்கும் இமை விளிம்புக்கும் இடையே ஏறத்தாழ 20 மி.மீ. தோலாவது மிஞ்சும்படி முன்கூட்டியே கோடு போட்டுக்கொள்கிறார்கள். அன்று இரவு அத்தை தூங்கும்போது டார்ச் அடித்துப் பார்த்தேன். மின்விசிறி நேர் மேலே ஓடிக்கொண்டிருந்தது. இடது கண்ணில் நகக்கீற்று அளவுக்கு வெள்ளை தெரிந்தது. அந்தக் கீற்று வழியாகத்தான் இரவெல்லாம் காய்ந்திருக்கிறது.

இப்படி மூடாமல் நிற்பதற்கு மருத்துவத்தில் லேகோப்தால்மோஸ் என்று பெயர். கிரேக்கத்தில் லகோஸ் என்றால் முயல், ஆப்தால்மோஸ் என்றால் கண். முயல் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் என்று அவர்கள் நம்பியதால் வந்த பெயர். அதை 'முயல்கண்' என்று தமிழாக்கினால் நோயாளிக்கு ஒன்றும் விளங்காது. 'இமை மூடாமை' என்றால் போதும், கேட்டதும் புரிந்துவிடும்.

அறுவைக்கான சொல் பிளெஃபரோபிளாஸ்டி. பிளெஃபரோன் கிரேக்கத்தில் இமை. பிளாஸ்டி என்பது குயவர் களிமண்ணை வனைவதுபோல் வனைதல். 1818-இல் கார்ல் ஃபெர்டினாண்ட் ஃபான் கிரேஃபே என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் கையாண்ட சொல் இது. புற்றுநோய்க் கட்டியை எடுத்தபின் இமையைத் திரும்ப உருவாக்குவதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். அழகுக்காகச் செய்வது என்ற பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. தமிழில் 'இமைச் சீரமைப்பு' பொருத்தமாக இருக்கிறது.

வறட்சிக்கு வருவோம். ஸீரோஸ் என்றால் கிரேக்கத்தில் உலர்ந்தது. தெருவுக்குத் தெரு நாம் போய் நிற்கும் ஜெராக்ஸ் கடையின் பெயரில் இருப்பதும் இதே சொல்தான். ஈர மை இல்லாமல் உலர்முறையில் நகல் எடுப்பதால் அந்தப் பெயர். ஆனால் ஸீரோப்தால்மியா என்று எழுதினால் அது வைட்டமின் ஏ குறைவால் வரும் கண்நோயைக் குறிக்கும், மாலைக்கண்ணோடு சேர்ந்து வருவது. அத்தைக்கு வந்தது அதுவல்ல. கேரட்டும் முருங்கைக்கீரையும் நல்லவைதான், ஆனால் மூடாத இமைக்கு அவை மருந்தாகாது. இன்னொரு பெயர் லத்தீனிலிருந்து வந்தது: சிக்கா, அதுவும் 'உலர்ந்தது'தான். சுவீடன் நாட்டு ஹென்ரிக் ஷோகிரன் 1933-இல் கண்ணும் வாயும் சேர்ந்து வறளும் நோயைப் பற்றி எழுதியபோது பயன்படுத்திய பெயரில் இந்தச் சொல் இருக்கிறது.

தமிழில் உலர் விழி, உலர் கண், கண் உலர்வு, கண் வறட்சி என நாலைந்து புழங்குகின்றன. 'உலர் கண்' இலக்கணப்படி வினைத்தொகை. உலர்ந்த, உலர்கின்ற, உலரும் என மூன்று காலமும் அதில் அடங்கும். அது எனக்குப் பிடித்த அழகுதான். ஆனாலும் உலர்வது என்றால் நம் காதில் விழுவது கொடியில் போட்ட துணியும் உலர் திராட்சையும். ஈரமே அற்றுப்போன பொருள் அது. அதைக் கேட்டு அத்தை குழம்பியதில் தப்பே இல்லை.

வறட்சி அப்படியில்லை. உடம்பைப் பற்றிப் பேச நாம் ஏற்கெனவே வைத்திருக்கும் சொல் அது: நா வறண்டது, தோல் வறட்சி, வறட்டு இருமல். அதோடு மதுரைக்காரர்களுக்கு வறட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. வைகை மணலாகக் கிடக்கும் கோடையில் ஒரு நாள் சாயங்காலம் மழை கொட்டித் தீர்க்கும். தெருவெல்லாம் வெள்ளம் ஓடும், மறுநாள் பார்த்தால் நிலம் பழையபடி வெடித்துக் கிடக்கும். மழை பெய்தது, ஆனால் வறட்சி போகவில்லை. கண்ணில் நடப்பதும் இதுவே. அதனால் 'கண் வறட்சி' என்பதுதான் என் தேர்வு.

நம்மிடம் இன்னொரு அருமையான சொல் இருக்கிறது: இமை. உறுப்பின் பெயரும் அதுதான், அது செய்யும் வேலையின் பெயரும் அதுதான். இமைத்தல் என்பதற்குக் கண் கொட்டுதல் என்ற பொருளோடு, ஒளிவிடுதல் என்ற பொருளும் உண்டு. ஒவ்வொரு இமைப்பிலும் நீர்ப்படலம் புதிதாகி விழி பளிச்சிடுவதை நினைத்தால் எவ்வளவு பொருத்தம்! எழுத்தின் மாத்திரைக்குக் கண்ணிமையையும் கைநொடியையும் அளவாக வைத்தது தொல்காப்பியம். தேவர்களை இமையோர் என்பதற்கு, கண் இமைக்காதவர்கள் என்று பொருள் சொல்வார்கள். நம் ஊர் அங்கயற்கண்ணியின் பெயரில் இருக்கும் கயலுக்கும் இமை கிடையாது. தண்ணீரிலேயே வாழும் மீனுக்கு அது தேவையில்லை. நமக்குத்தான் தேவை. ஆகவே அறுவைக்குப் பின் கொடுக்கும் தாளில் 'இமைப்புக் குறைவதால் கண் வறட்சி வரலாம்' என்று ஒரு வரி இருந்தால் காரணமும் நோயும் சேர்ந்தே விளங்கிவிடும்.

வறட்சியை அளக்க ஷிர்மர் சோதனை என்று ஒன்று உண்டு, 1903-இல் வந்தது. 5 மி.மீ. அகலம், 35 மி.மீ. நீளமுள்ள ஒரு காகிதப் பட்டையின் நுனியை மடித்துக் கீழிமைக்குள் மாட்டிவிடுவார்கள். ஐந்து நிமிடத்தில் எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்ப்பார்கள். முன்பே கண் உறுத்தல் உள்ளவர்கள், கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்தவர்கள், தைராய்டு, மூட்டுவாதம் உள்ளவர்கள் அறுவைக்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். அதுவரை பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு, விசிறிக்கு நேராகப் படுக்காமல் இருப்பது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு எதுவும் வேண்டாம், தயவுசெய்து. வறண்ட விழியில் கிருமி எளிதாகப் புகுந்து புண்ணாக்கிவிடும். கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பட்டால் கூச்சம் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

மூன்றாம் நாள் அத்தையிடம் வைகையைச் சொல்லித்தான் விளக்கினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மருந்துப் புட்டியை எடுத்துத் தரச் சொன்னார். அப்புறம் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரம்மா, "என்ன மதனி, அழுதுக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டபோது அத்தை சொன்னது என் காதில் விழுந்தது: "அழுகல, கண்ணுல வறட்சி."